வாங்கிய கையும் வழங்கும் கையும்

விளையாட்டைப் பற்றி நம் மறையுரைகளிலும் மறைக்கல்வி வகுப்புகளிலும் பேச நேரும்போதெல்லாம் ஓர் உருவம் தவறாமல் வந்து நிற்கிறது. அது, தனியாக ஓடும் ஓட்டக்காரனின் உருவம். உணவைக் குறைத்து, உடலை ஒறுத்து, இலக்கில் கண் வைத்து ஓடும் அந்த மனிதனைத் திருத்தூதர் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில் வரைந்து காட்டினார். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாகப் போதகர்களும் துறவியரும் அவனையே சுட்டிக்காட்டி வந்திருக்கின்றனர். விளையாட்டில் பற்றுடைய நாமும் அவனை நேசித்தே வளர்ந்தோம்.

அந்த உருவத்தில் குறை ஏதுமில்லை. ஆயினும் அதை மட்டுமே பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஒரு மயக்கம் நேர்ந்துவிடுகிறது. நற்பண்பு தனியொருவரின் உடைமை, நம்பிக்கை தனியொருவரின் முயற்சி, பரிசும் தனியொருவருக்கே உரியது என்ற எண்ணம் மெல்ல வேரூன்றிவிடுகிறது. தடகளத்திலோ தனியாக ஓடி முடிக்க இயலாத ஓட்டம் ஒன்றும் உண்டு. பள்ளி விளையாட்டு விழாக்களில் பெரும்பாலும் கடைசியாக நடப்பது அது. வெயிலில் வாடிய கூட்டத்தையும் எழுந்து நிற்கச் செய்வது அது. நாம் தொடரோட்டம் என்றும், பிள்ளைகள் ரிலே என்றும் சொல்லும் அந்த ஓட்டத்தின் வரலாற்றைக் கத்தோலிக்கக் கண்ணோடு ஒருமுறை புரட்டிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கொரிந்து நகரில் கற்றவை

இரு கடல்களுக்கு இடையே அமைந்த குறுகிய நிலப்பகுதியில், கொரிந்து நகருக்கு அண்மையில், கிரேக்கர் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இஸ்துமிய விளையாட்டு விழாவை நடத்திவந்தனர். ஒலிம்பிய விழா உள்ளிட்ட நான்கு பெருவிழாக்களுள் அதுவும் ஒன்று. பவுல் ஏறத்தாழ கி.பி. 50 முதல் 52 வரையிலான காலத்தில் ஒன்றரை ஆண்டு அந்நகரில் தங்கி, கூடாரத் தொழில் செய்து பிழைத்து, நற்செய்தி அறிவித்தார். கி.பி. 51-இல் நடந்த விழா அவர் அங்கிருந்த காலத்தில்தான் நடந்திருக்க வேண்டும் என்று விவிலிய ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். வென்றவர்களுக்கு அங்கே சூட்டப்பட்டது பொன் முடியன்று; பைன் மரத் தழையாலோ செலரி என்னும் கீரைச் செடியாலோ கட்டிய மாலை. சில நாளில் வாடிப்போகும் மாலைக்காக மனிதர் இத்தனை பாடுபடும்போது, வாடாத மாலைக்காக நாம் எவ்வளவு பாடுபட வேண்டும் என்று பவுல் கேட்டதன் கூர்மை, அந்த மாலையைக் கண்ணால் கண்ட கொரிந்து மக்களுக்கு நன்றாகவே உறைத்திருக்கும்.

இதுவரை நாம் அறிந்ததே. நாம் அதிகம் கவனிக்காத ஒன்று அதே திருமுகத்தில் சற்றுத் தள்ளி இருக்கிறது. பதினோராம் அதிகாரத்தில் ஆண்டவரின் இராவுணவைப் பற்றி எழுதும்போதும், பதினைந்தாம் அதிகாரத்தில் உயிர்ப்பைப் பற்றி எழுதும்போதும், பவுல் தம்மை ஓடுகிறவராகக் காட்டிக்கொள்ளவில்லை. தாம் பெற்றுக்கொண்டதைத் தங்களிடம் ஒப்படைத்ததாகவே சொல்கிறார். பெறுதல், ஒப்படைத்தல் என்னும் இந்த இரு வினைகளிலிருந்தே திருச்சபை 'மரபு' என்று போற்றும் பெருஞ்செல்வம் பிறந்தது. இலத்தீனில் அதற்கு 'திராதித்சியோ' என்று பெயர். கையளித்தல் என்பதே அதன் நேர்ப்பொருள்.

இன்னும் நுட்பமான ஒன்றும் அங்கே உண்டு. பதினோராம் அதிகாரத்தின் அதே வசனத்தில், ஆண்டவர் காட்டிக்கொடுக்கப்பட்ட இரவைப் பவுல் குறிப்பிடுகிறார். தாம் நற்செய்தியைக் கையளித்ததைச் சொல்லப் பயன்படுத்திய கிரேக்க வினைச்சொல்லையே, ஆண்டவர் பகைவர் கையில் ஒப்புவிக்கப்பட்டதைச் சொல்லவும் பயன்படுத்துகிறார். கையளிப்பதும் காட்டிக்கொடுப்பதும் மூலமொழியில் ஒரே சொல். கி.பி. 303-இல் தியோக்கிளேசியன் பேரரசன் தொடங்கிய வேதகலாபனையின்போது திருநூல்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்துவிட்டவர்களை வட ஆப்பிரிக்கச் சபையார் 'திராதித்தோர்' என்று அழைத்தனர். துரோகியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அந்த வேரிலிருந்து முளைத்ததுதான்.

ஒரு கை ஒன்றை இன்னொரு கையில் வைக்கிறது. அது மரபாகவும் ஆகலாம், துரோகமாகவும் ஆகலாம். எது என்பதை, வைக்கும் கையின் தூய்மையும் வைக்கப்படும் கையின் உரிமையும் முடிவு செய்கின்றன. பவுல் தொடரோட்டத்தை எண்ணி இதை எழுதினார் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் தொடரோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

தீப்பந்தத்திலிருந்து குறுங்கோல் வரை

தொடரோட்டத்துக்கு மூதாதை ஒன்று பழைய ஏதென்ஸ் நகரில் இருந்தது. திருவிழா நாள்களில் இளைஞர் அணி அணியாகத் தீப்பந்தத்தைக் கைமாற்றிக்கொண்டு ஓடினர். முதலில் வந்தால் மட்டும் போதாது. வரும்போது தீ எரிந்துகொண்டிருக்க வேண்டும். அணைந்த பந்தத்தோடு வந்தவனுக்கு வெற்றி இல்லை. தத்துவ ஞானி பிளேட்டோ தம் 'சட்டங்கள்' என்னும் நூலில், பெற்றோர் உயிரைப் பிள்ளைகளுக்கு வழங்குவதைத் தீப்பந்தத்தைக் கைமாற்றுவதோடு ஒப்பிட்டிருக்கிறார்.

இக்கால ஒலிம்பிக்கில் தொடரோட்டம் 1908-ஆம் ஆண்டு இலண்டனில் நுழைந்தது. நால்வர் நூறு மீட்டரும், நால்வர் நானூறு மீட்டரும் இன்றைய வடிவில் 1912-ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோமில் இடம்பெற்றன. மகளிருக்கு நூறு மீட்டர் தொடரோட்டம் 1928-லும், நானூறு மீட்டர் தொடரோட்டம் 1972-லும் கிடைத்தன. ஆண்கள் இருவரும் பெண்கள் இருவரும் சேர்ந்தோடும் கலப்புத் தொடரோட்டம், கொரோனாவால் ஓராண்டு தள்ளி 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் முதன்முறையாக ஓடப்பட்டது.

கையில் ஏந்தி ஓடும் குறுங்கோல் முப்பது சென்டிமீட்டருக்கு மேற்படாத ஓர் உருளை. ஐம்பது கிராமுக்குக் குறையாத எடை உடையது. சந்தையில் அதற்கு விலை சொற்பம். ஆனால் அது வந்து சேராவிட்டால் ஓடியவர்கள் ஓடியதாகவே கொள்ளப்படுவதில்லை. அதை எங்கு வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளவும் முடியாது. நானூறு மீட்டர் தொடரோட்டத்தில், இருபது மீட்டர் நீளமுள்ள மாற்றுப் பகுதிக்குள் அது கைமாறிவிட வேண்டும். கீழே விழுந்தால், தவறவிட்டவரே எடுக்க வேண்டும். எறிந்து கொடுத்தல் செல்லாது. கையிலிருந்து கைக்கே அது போக வேண்டும்.

கோலை மாற்றும் முறையில் இரு வகை உண்டு. நூறு மீட்டரில் வாங்குபவர் திரும்பிப் பார்ப்பதில்லை. முன்னால் ஓடத் தொடங்கிக் கையை மட்டும் பின்னால் நீட்டுகிறார். பின்னால் வருபவர் தவறாமல் வைப்பார் என்ற நம்பிக்கையே அவருக்குக் கண். நானூறு மீட்டரில் அப்படி முடியாது. வருபவர் ஒரு முழுச் சுற்று ஓடிக் களைத்து, கால் குழைந்து வருகிறார். வாங்குபவர் திரும்பி நின்று, அவருடைய களைப்பை அளந்து பார்த்து, அதற்கேற்பத் தம் ஓட்டத்தைத் தொடங்கி வாங்க வேண்டும். முன்னது நம்பிக்கையின் பாடம் என்றால், பின்னது பரிவின் பாடம்.

இத்தகைய கைமாற்றம் விழுப்புரம் வட்டாரத்தாருக்குப் புதியதன்று. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே விக்கிரவாண்டியைக் கடந்து செல்லும் இரயில் பாதை இன்று இரட்டைப் பாதை. ஒற்றைப் பாதைகள் மிகுந்திருந்த காலத்தில், நிலைய ஊழியர் நீட்டிய பெரிய வளையத்தை ஓடும் எஞ்சினிலிருந்தே கைநீட்டி வாங்கிக்கொண்டு, முந்திய பகுதியின் வளையத்தை விட்டுச் சென்ற காட்சியைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த வளையத்தோடு வந்த டோக்கன் கையில் இருந்தால்தான் வண்டிக்கு அடுத்த நிலையம் வரை வழி. ஓட்டுநர் எவ்வளவு திறமைசாலியாயினும், எஞ்சின் எவ்வளவு வலிமையுடையதாயினும், பெற வேண்டியதைப் பெறாமல் நகர முடியாது. அடுத்த நிலையத்தில் அதைக் கொடுக்காமலும் போக முடியாது. பல நூறு உயிர்கள் அந்தச் சிறு பொருளின் நேர்மையை நம்பிப் பயணம் செய்தன.

மணிலாவில் நான்கு பெண்கள்

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1951-ஆம் ஆண்டு புதுதில்லியில் முதல் ஆசிய விளையாட்டு விழா நடந்தபோது, பம்பாய் பாந்திராவைச் சேர்ந்த மேரி டிசோசா 200 மீட்டரில் வெண்கலம் வென்றார்; 100 மீட்டர் தொடரோட்டத்தில் இந்திய மகளிர் அணி வெள்ளி வென்றபோது அவரும் அதில் ஓடினார். அடுத்த ஆண்டு, 1952-இல், வங்காளத்தின் நீலிமா கோஷும் அவரும் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஓடி, ஒலிம்பிக் தடகளத்தில் கால்பதித்த முதல் இந்தியப் பெண்கள் ஆயினர்.

1954-இல் மணிலாவில் இரண்டாம் ஆசிய விழா. அங்கே மகளிர் 100 மீட்டர் தொடரோட்டத்தில் இந்தியா தங்கம் வென்றது. ஓடிய நால்வர் மேரி டிசோசா, ஸ்டெஃபி டிசோசா, வயலட் பீட்டர்ஸ், கிறிஸ்டீன் பிரவுன். நேரம் 49.5 வினாடி. நான்கு பெயர்களையும் சேர்த்து வாசிக்கும்போது நமக்கு ஏற்படும் மகிழ்ச்சியை மறைக்க வேண்டியதில்லை. பெண்பிள்ளைகள் அரைக்காற்சட்டை அணிந்து மைதானத்தில் ஓடுவதை ஊரார் முகம் சுளித்துப் பார்த்த காலம் அது. அக்காலத்தில் நாட்டின் கொடியைத் தாங்கிய அந்த நான்கு பெண்களைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு யார் சொல்லித் தந்தார்கள்? மேரி டிசோசாவுக்கு விளையாட்டில் வாழ்நாள் பணிக்கான தியான் சந்த் விருது 2013-இல்தான் கிடைத்தது. மணிலா ஓட்டத்துக்கும் அதற்கும் இடையே ஐம்பத்தொன்பது ஆண்டுகள்!

முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில், வல்சம்மா, வந்தனா ராவ், ஷைனி ஆபிரகாம், பி. டி. உஷா ஆகிய நால்வரும் 400 மீட்டர் தொடரோட்டத்தின் இறுதிப் போட்டிவரை சென்று ஏழாம் இடம் பெற்றனர். அதே விழாவில் உஷா தடையோட்டத்தில் ஒரு வினாடியின் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தை இழந்ததை நாடே அறியும். அந்த நால்வர் சேர்ந்து பெற்ற ஏழாம் இடத்தை அறிந்தவர் குறைவு. தனியொருவரின் இழப்பு நம் மனத்தில் தங்குகிறது. நால்வர் சேர்ந்து பெற்ற பேறு நழுவிவிடுகிறது. நம் நினைவின் இந்தச் சாய்வைத்தான் கட்டுரையின் தொடக்கத்தில் மயக்கம் என்றோம்.

லால்குடி வீரரும் தாமதமாக வந்த தங்கமும்

தமிழகத்தின் தொடரோட்ட வரலாற்றில் நாம் பெருமையோடு சொல்லத்தக்க பெயர் ஆரோக்கிய ராஜீவ். திருச்சி மாவட்டத்து லால்குடிப் பகுதியில் 1991-இல் பிறந்தவர், இராணுவ வீரர். வேளாங்கண்ணி அன்னையை நினைவூட்டும் அந்த முதற்பெயரை நம் ஊர்களில் எத்தனை பிள்ளைகளுக்குச் சூட்டியிருக்கிறோம்! 2014-ஆம் ஆண்டு இஞ்சியோன் ஆசிய விழாவில் 400 மீட்டரில் அவர் வெண்கலம் வென்றார். 2017-இல் அர்ஜுனா விருது பெற்றார். ஆனால் அவருடைய வாழ்வின் பெரிய பக்கங்களை நான்கு பேர் சேர்ந்தே எழுதினர்.

அவற்றுள் முதற்பக்கம் கசப்பானது. 2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் அவர் இடம்பெற்ற இந்திய ஆண்கள் அணி, தொடரோட்ட விதி மீறலுக்காகத் தகுதி நீக்கம் செய்யப்பட்டது. ஓடிய கால்கள் ஓடியதாகவே கணக்கில் வரவில்லை.

இரண்டாண்டுகள் கழித்து, 2018 ஆகஸ்டில், ஜகார்த்தா ஆசிய விழாவில் முதன்முறையாகக் கலப்புத் தொடரோட்டம் நடந்தது. கேரளத்தின் முகமது அனஸ், கர்நாடகத்தின் பூவம்மா, அசாமின் ஹிமா தாஸ், தமிழகத்தின் ஆரோக்கிய ராஜீவ் ஆகிய நால்வர் இந்தியாவுக்காக ஓடினர். நான்கு மொழிகள், நான்கு வளர்ப்புகள், ஒரே கோல். பஹ்ரைன் முதலிடம் பெற்றது. 3 நிமிடம் 15.71 வினாடியில் ஓடிய இந்தியாவுக்கு வெள்ளி. ஓட்டத்தின்போது பஹ்ரைன் வீராங்கனை ஒருவர் ஹிமா தாஸுக்கு இடையூறு செய்தார் என்று இந்தியா முறையிட்டது. முறையீடு தள்ளுபடியாயிற்று. வீரர்கள் வெள்ளியோடு ஊர் திரும்பினர்.

பின்னர் அந்த வீராங்கனை ஊக்கமருந்து உட்கொண்டது சோதனையில் வெளிப்பட்டு, நான்காண்டு தடை பெற்றார். ஜகார்த்தாவில் அவர் பெற்ற முடிவுகள் நீக்கப்பட்டன. 2020 ஜூலையில், இந்திய அணியின் வெள்ளி தங்கமாக உயர்த்தப்பட்ட செய்தி வந்தது. அப்போது உலகம் கொரோனாவால் கதவடைத்துக் கிடந்தது. நிறைந்த அரங்கில், கொடி ஏற, நாட்டுப்பண் ஒலிக்க மேடை ஏற வேண்டிய நால்வருக்கு, ஏறத்தாழ இரண்டாண்டு கழித்து ஒரு செய்தியாக வந்து சேர்ந்தது அந்தத் தங்கம். நீதி வந்தது, ஆனால் அந்த மாலைப்பொழுது திரும்பி வரவில்லை. அதை யாராலும் திருப்பித் தரவும் இயலாது.

வேறொரு கோணத்திலிருந்தும் இதை நோக்க வேண்டும். பஹ்ரைன் அணியின் மற்ற மூவர்மீது அந்தச் சோதனை குற்றம் சுமத்தவில்லை. ஆயினும் அவர்களின் தங்கமும் போயிற்று. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் உசைன் போல்ட் உள்ளிட்ட ஜமைக்கா அணி வென்ற தொடரோட்டத் தங்கமும் இப்படித்தான், அணியில் ஒருவரான நெஸ்டா கார்ட்டரின் மறுசோதனை முடிவால், 2017-இல் பறிக்கப்பட்டது. உலகின் மிக வேகமான மனிதரின் வேகமும் பக்கத்துக் கையின் கறையைக் கழுவ உதவவில்லை.

பிறரைச் சுட்டும் விரலை நம் பக்கமும் திருப்ப வேண்டும். 2010-ஆம் ஆண்டு தில்லி காமன்வெல்த் விழாவில் இந்திய மகளிர் தொடரோட்ட அணி தங்கம் வென்றபோது நாம் மகிழ்ச்சியில் மிதந்தோம். அடுத்த ஆண்டே அந்த அணியைச் சேர்ந்தவர்கள் உட்பட நம் ஓட்டக்காரர் சிலர் சோதனையில் சிக்கித் தடை பெற்றனர். தெரியாமல் உட்கொண்ட சத்துப் பொருளே காரணம் என்று அவர்கள் முறையிட்டனர், தடையினின்று தப்பவில்லை. பயிற்சியாளர் கொடுத்ததைக் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்ளும் வழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்பதை அந்நிகழ்ச்சி நாட்டுக்கே உணர்த்தியது. வாங்கும் கைக்கும் கண் வேண்டும்.

விளையாட்டு பண்பைத் தருமா?

விளையாடினாலே ஒழுக்கம் வந்துவிடும் என்று நம்மவர் எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். மேற்கண்ட வரலாறு அந்த நம்பிக்கைக்கு இடம் தரவில்லை. ஒரே மைதானம், ஒரே பயிற்சி, ஒரே சட்டம். அவற்றிலிருந்து பொறுமையுள்ளவரும் வந்திருக்கின்றனர், ஏமாற்றுபவரும் வந்திருக்கின்றனர். உலைக்களம் இரும்பைக் காய்ச்சும். அதிலிருந்து அரிவாள் வருவதும் கொழு வருவதும் கொல்லன் கருத்தைப் பொறுத்தது.

திருச்சபை இதை நன்கு அறிந்தே விளையாட்டை வரவேற்றது. விரைவாக, உயரமாக, வலிமையாக என்னும் மூன்று சொற்களை ஒலிம்பிக் முழக்கமாக உலகம் அறியும். அவற்றை அந்த வடிவில் முதலில் தந்தவர் பிரான்சு நாட்டு தொமினிக்கன் சபைத் துறவி ஹென்றி திதோன். பாரிஸ் அருகே தாம் தலைமை வகித்த பள்ளியின் விளையாட்டு விழாவில் 1891-இல் மாணவருக்கு அவர் தந்த அறைகூவலை, அவருடைய நண்பர் பியேர் தெ குபர்த்தான் 1894-இல் ஒலிம்பிக் இயக்கத்துக்கு எடுத்துக்கொண்டார். 2000-ஆம் ஆண்டு யூபிலியின்போது, அக்டோபர் 29 அன்று, இரண்டாம் யோவான் பவுல் திருத்தந்தை உரோமை ஒலிம்பிக் அரங்கிலேயே விளையாட்டு வீரர்களோடு திருப்பலி நிறைவேற்றினார். 2018 ஜூனில் வத்திக்கான், விளையாட்டைக் கிறிஸ்தவக் கண்ணோட்டத்தில் ஆராயும் தனி ஆவணம் ஒன்றையே வெளியிட்டது. விளையாட்டில் மனிதர் தம்மால் இயன்ற அனைத்தையும் அளிப்பதைப் பாராட்டும் அந்த ஆவணம், ஊக்கமருந்து, ஊழல், உடலைச் சிதைக்கும் பயிற்சி ஆகியவற்றையும் வெளிப்படையாகக் கண்டிக்கிறது.

2021 ஜூலையில் டோக்கியோ விழாவுக்குச் சற்று முன்னர், பன்னாட்டு ஒலிம்பிக் குழு அந்த மூன்று சொற்களோடு நான்காவதாக ஒன்றைச் சேர்த்தது: 'ஒன்றாக'. துறவி திதோன் விதைத்த மூன்றும் தனி ஓட்டக்காரனுக்கும் பொருந்தும். நான்காவது சொல், நூற்றிருபத்தேழு ஆண்டு கழிந்தபின், தொடரோட்டக்காரனுக்காக வந்தது போலத் தோன்றுகிறது.

ஆகவே நம் முடிவு இது. விளையாட்டு பண்பைப் படைப்பதில்லை. அதைச் சோதித்துக் காட்டுகிறது. சோதனை மிகக் கூர்மையாக நடக்கும் இடம் வெற்றிக் கோடன்று, மாற்றுப் பகுதி. பிறருக்கென்று கையில் ஒன்றை வைத்திருக்கிறோம் என்ற உணர்வுடையவன் அதைக் கறைப்படுத்தத் தயங்குவான். தனக்கென்று மட்டுமே ஓடுகிறவனுக்கு அந்தத் தயக்கம் வர வேண்டிய தேவையே இல்லை. நம்பிக்கை விளையாட்டு வீரனுக்கு வேகத்தைத் தரும் என்று நாம் சொல்லமாட்டோம். செபித்தவர் தோற்பதும் செபியாதவர் வெல்வதும் நாள்தோறும் காணும் காட்சி. அது தருவது, கையில் இருப்பது தன்னுடையது மட்டுமன்று என்னும் நினைவு.

நம் மாற்றுப் பகுதி

இந்த எண்ணங்களோடு நம் ஊர்ப்பக்கம் திரும்பினால், விக்கிரவாண்டி நெடுஞ்சாலையை ஒட்டிய கிளைச் சாலைகளில் விடியற்காலையில் இளைஞர் ஓடுவதைக் காணலாம். பலர் பதக்கத்துக்காக ஓடுவதில்லை. காவலர் தேர்வுக்காக ஓடுகின்றனர். 1500 மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் கடக்க வேண்டும் என்னும் விதி அவர்களுக்கு ஒரு குடும்பத்தின் உணவு. தந்தை வயலிலும் செங்கல் சூளையிலும் களைத்து ஓடிய சுற்றின் தொடர்ச்சியைத்தான் மகன் அந்தச் சாலையில் ஓடுகிறான். அவன் திரும்பிப் பார்த்துத் தந்தையின் களைப்பை அளந்து வாங்கினானா, பாராமலே வாங்கினானா என்பதில் இருக்கிறது அவனுடைய பண்பு. தேர்ச்சி பெறுவதும் பெறாததும் அதற்குப் பின்தான்.

நம் பங்குகளிலும் ஒரு மாற்றுப் பகுதி உண்டு. உறுதிபூசுதல் பெற்ற பிள்ளைகள் அதன்பின் மெல்ல மெல்லக் கோவிலைவிட்டு விலகுவதை மறைக்கல்வி ஆசிரியர் பலர் வருத்தத்தோடு சொல்கின்றனர். பிள்ளைகளையே குறைகூறுவது எளிது. தொடரோட்ட விதி வேறு விதமாகப் பேசுகிறது. கோல் தவறினால் வழங்கியவர், வாங்கியவர் இருவரின் ஓட்டத்தையும் பார்க்க வேண்டும். எட்டாத தொலைவிலிருந்து எறிந்தோமா? மனப்பாடச் செபங்களை வீசிவிட்டு, பிடித்துக்கொள்ளவில்லையே என்று வருந்துகிறோமா? கையில் வைத்து, அவர்கள் விரல்கள் மூடும்வரை கூடவே சில அடி ஓடினோமா?

எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. வாங்கும் கை நீண்டிருக்க, வழங்கும் கை விட மறுப்பது. பங்குப் பேரவையிலும் பக்த சபைகளிலும் பல ஆண்டுகளாக ஒரே கைகள் கோலைப் பற்றிக்கொண்டு, இளைஞர் ஆர்வமற்றவர் என்று சொல்லும் நிலையை நாம் பல இடங்களில் காண்கிறோம். விடாமல் பற்றிக்கொண்டு இருபது மீட்டரைத் தாண்டிவிட்டால், எவ்வளவு நன்றாக ஓடியிருந்தாலும் அணிக்குத் தகுதி நீக்கமே. விட வேண்டிய இடத்தில் விடுவதும் ஓட்டத்தின் பகுதிதான்.

ஆரோக்கிய ராஜீவின் கதையில் இதற்கும் ஒரு பாடம் இருக்கிறது. டோக்கியோவில் 2021 ஆகஸ்டில் அவரும் அனஸும், நோவா நிர்மல் டாமும் அமோஜ் ஜேக்கப்பும் 3 நிமிடம் 0.25 வினாடியில் ஓடி ஆசியச் சாதனை படைத்தனர். இறுதிப் போட்டிக்கு எட்டு அணிகள் சென்றன, இவர்கள் ஒன்பதாவது. சாதனை படைத்தும் வாசலில் நின்றனர். ஈராண்டு கழித்து, 2023-இல் புடாபெஸ்ட் உலகப் போட்டியில், அனஸும் அமோஜும் மீண்டும் ஓடினர். ராஜீவ் அந்த நால்வரில் இல்லை. தமிழகத்தின் இன்னோர் இளைஞர் ராஜேஷ் ரமேஷ் கடைசிச் சுற்றை ஓடினார். தகுதிச் சுற்றில் நேரம் 2 நிமிடம் 59.05 வினாடி. மூன்று நிமிடத்தை இந்திய அணி முதன்முறையாகக் கடந்து, ஆசியச் சாதனையைப் புதுப்பித்து, இறுதிப் போட்டியில் ஐந்தாம் இடம் பெற்றது. டோக்கியோவில் மூடியிருந்த வாசல் அங்கே திறந்தது. திறந்தபோது உள்ளே சென்றவர்களில் சிலர் முன்பு வாசலில் நின்றவர்கள் அல்லர்.

முன்னவர் ஓட்டம் வீணாயிற்று என்று யார் சொல்வார்? மோசே மலைமேல் நின்று பார்த்த நாட்டுக்குள் யோசுவா நடந்து சென்றார். மணிலாவின் நால்வர் ஓடியிராவிட்டால் லாஸ் ஏஞ்சல்ஸின் நால்வருக்குப் பாதை எங்கே? நமக்குத் திருமுழுக்குக் கொடுத்த கையும், முதன்முதலில் நெற்றியில் சிலுவை வரையக் கற்றுத் தந்த தாயின் கையும் யாரிடமோ பெற்றதையே நம்மிடம் தந்தன. அந்தக் கைகளில் பல இன்று கல்லறைத் தோட்டங்களில் இளைப்பாறுகின்றன. அவர்கள் தந்ததை நாம் கறையின்றிப் பிடித்திருக்கிறோமா, நமக்கு முன்னால் ஓடத் தொடங்கிவிட்ட சிறு கை ஒன்று பின்னால் நீண்டிருப்பதைக் கண்டோமா என்பவையே நம்மிடம் கேட்கப்படும் கேள்விகள். எத்தனையாவதாக வந்தோம் என்பதைப் பற்றி அங்கே யாரும் கேட்கப்போவதில்லை.